'ஆர்கானிக்' முத்திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? விவசாயியும் வாங்குபவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மளிகை ஆப்பைத் திறந்து 'ஆர்கானிக்' என்று தேடிப் பாருங்கள். அரிசி, பருப்பு, வெல்லம், மஞ்சள் தூள், நல்லெண்ணெய் என வரிசை கட்டி நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் சாதாரண பாக்கெட்டைவிட விலை கூடுதல். சிலவற்றில் ஒன்றரை மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். சம்பளம் வந்த வாரத்தில் 'பரவாயில்லை, குழந்தைக்குத்தானே' என்று கூடையில் போடுகிறோம். மாதக் கடைசியில் 'எல்லாம் ஏமாத்து வேலைப்பா' என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

இரண்டுமே பாதி உண்மைதான். ஆர்கானிக் என்ற பெயரில் ஏமாற்று நடக்கிறது. அதே பெயரில் மூன்று வருடம் வருமானத்தை விட்டுக்கொடுத்து நிலத்தை மாற்றிய விவசாயியும் இருக்கிறார். இந்த இருவரையும் பிரித்துக் காட்டுவதற்காக உருவானதுதான் சான்றிதழ். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று பார்ப்போம்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

இயற்கை விவசாயம், அங்கக வேளாண்மை, உயிர்ம வேளாண்மை, ஆர்கானிக் என்று தமிழில் நான்கு பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அரசு ஆவணங்களில் முன்பு 'அங்கக' என்றிருந்தது. 2023 மார்ச்சில் தமிழக அரசு வெளியிட்ட கொள்கைக்கு 'உயிர்ம வேளாண்மைக் கொள்கை' என்று பெயர். பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றையும் இயற்கை விவசாயம் என்கிறோம்.

பெயர் எதுவாக இருந்தாலும், சட்டப்படி 'ஆர்கானிக்' என்று பாக்கெட்டில் அச்சிட்டு விற்க ஒரு வரையறை இருக்கிறது. 'நேச்சுரல்', 'கெமிக்கல் ஃப்ரீ', 'பண்ணையில் இருந்து நேரடியாக' போன்ற வார்த்தைகளுக்கும் ஆர்கானிக் சான்றுக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்றாலே ஆர்கானிக் என்று பலர் நினைக்கிறார்கள். அவை பாரம்பரிய ரகங்கள், அவ்வளவுதான். கருப்புக் கவுனிக்கு யூரியா போட்டும் விளைவிக்க முடியும். புதிய ரக நெல்லை ரசாயனம் இல்லாமலும் விளைவிக்க முடியும். விதை எது என்பது வேறு கேள்வி, எப்படி விளைந்தது என்பது வேறு கேள்வி. மரச்செக்கு எண்ணெய்க்கும் நாட்டுச்சர்க்கரைக்கும் இதே விதிதான். செக்கு மரத்தில் இருக்கலாம், ஆட்டிய எள் எந்த வயலில் இருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

சான்று அரிசிக்கு அல்ல, விளைவித்த முறைக்கு

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ஆர்கானிக் சான்று என்றால் ஒவ்வொரு மூட்டையையும் லேபில் சோதித்து 'சுத்தம்' என்று எழுதித் தருகிறார்கள் என்ற நினைப்பு. அப்படி இல்லை. சான்று தரப்படுவது விளைவித்த முறைக்கு. ரசாயன உரம், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, மரபணு மாற்றிய விதை இவை பயன்படுத்தப்படவில்லை என்பதை ஆவணங்கள், கள ஆய்வு, பக்கத்து நிலத்தின் நிலைமை எல்லாவற்றையும் வைத்து முடிவு செய்கிறார்கள். சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து எச்சப் பரிசோதனையும் செய்வார்கள்.

அப்போ ஆர்கானிக் வயலில் எதையுமே தெளிக்க மாட்டார்களா? தெளிப்பார்கள். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், வேப்ப எண்ணெய், வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லாம் உண்டு. தாமிரம் கலந்த சில பூஞ்சாணக் கொல்லிகளைக்கூட கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கிறார்கள். எது அனுமதி, எது தடை என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்குள் நின்று விவசாயம் செய்தாரா என்பதைத்தான் சான்று சொல்கிறது.

இரண்டு பாதைகள்

இந்தியாவில் ஒரு விவசாயி சான்று வாங்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டம். சுருக்கமாக என்.பி.ஓ.பி. 2001-ல் தொடங்கியது. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கும் அபேடா இதை நடத்துகிறது. அபேடா நேரடியாக வயலுக்கு வராது. அது அங்கீகாரம் கொடுத்த சான்றளிப்பு அமைப்புகள் வந்து ஆய்வு செய்யும். இவற்றில் தனியாரும் உண்டு, மாநில அரசுத் துறைகளும் உண்டு. தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு சான்றளிப்புத் துறை 2007 முதல் இந்த வேலையைச் செய்கிறது. ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றால் இந்தப் பாதைதான்.

இரண்டாவது, பங்கேற்பு உத்தரவாத முறை. பி.ஜி.எஸ். என்று சொல்வார்கள். இது மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இங்கே வெளியாள் ஆய்வாளர் கிடையாது. ஒரே ஊரில் அல்லது பக்கத்து ஊர்களில் இருக்கும் குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்து குழு அமைக்க வேண்டும். ரசாயனம் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். பிறகு ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்து மதிப்பீடு எழுத வேண்டும். மண்டல அமைப்பு அதைச் சரிபார்த்து ஒப்புதல் தரும்.

'அவங்களே அவங்களுக்கு சர்டிஃபிகேட் கொடுத்துக்கிறாங்களா?' என்று கேட்கத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆய்வாளரை ஏமாற்றுவதைவிட, தினமும் வரப்பில் நடந்து போகும் பக்கத்து வயல்காரரை ஏமாற்றுவது கஷ்டம். ஒருவர் தப்பு செய்தால் குழுவின் பெயரே கெடும் என்ற பயமும் உண்டு. அதே சமயம், சொந்தக்காரர், ஒரே தெருக்காரர் என்று கண்டும் காணாமல் விட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. செலவு குறைவு என்பதால் சிறு விவசாயிக்கு இது வசதி. ஆனால் ஏற்றுமதிக்கு இந்தச் சான்று செல்லாது.

விவசாயி என்னென்ன செய்ய வேண்டும்?

அரசுத் துறை வழியாக என்.பி.ஓ.பி. சான்று கேட்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பத்துடன் பண்ணையின் பொது விவரம், வரைபடம், மண், நீர் பரிசோதனை முடிவு, ஆண்டுப் பயிர்த் திட்டம், நில ஆவணம், ஆதார், பான் அட்டை நகல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். துறையுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கட்டணம் சிறு, குறு விவசாயிக்குக் குறைவு, நிறுவனங்களுக்கு அதிகம்.

கட்டணத்தைவிடப் பெரிய வேலை பதிவேடு. எந்தத் தேதியில் என்ன விதைத்தார், விதை எங்கே வாங்கினார், எந்த உரம் எவ்வளவு போட்டார், எத்தனை கிலோ அறுவடை, யாருக்கு விற்றார் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். காலம் காலமாக மனக்கணக்கில் விவசாயம் செய்தவருக்கு இது உழுவதைவிடப் பெரிய பாடு. பல இடங்களில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள்தான் இந்த நோட்டை நிரப்புகிறார்கள்.

அடுத்தது பக்கத்து வயல். நீங்கள் மருந்து அடிக்காவிட்டாலும் அவர் அடிப்பார். காற்றில் சாரல் வரும், வாய்க்கால் தண்ணீரில் உப்பு உரம் கரைந்து வரும். அதனால் எல்லையில் இடைவெளி விட வேண்டும், உயிர்வேலி போட வேண்டும். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு நாலு பக்கமும் இடம் விட்டால் மிஞ்சுவது எவ்வளவு? டெல்டா மாதிரி ஒரே வாய்க்காலில் ஊரே பாசனம் செய்யும் இடங்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம்.

தனியாகச் சமாளிக்க முடியாதவர்கள் குழுவாகச் சேரலாம். என்.பி.ஓ.பி.யில் 25 முதல் 500 விவசாயிகள் வரை ஒரே குழுவாகச் சான்று வாங்க முடியும். குழு தனக்குள்ளேயே எல்லா வயலையும் ஆய்வு செய்ய வேண்டும். சான்றளிப்பு அமைப்பு வந்து அதில் ஒரு பகுதியை மட்டும் நேரில் பார்க்கும்.

நடுவில் மாட்டும் வருடங்கள்

இன்று யூரியாவை நிறுத்தினால் நாளைக்கே ஆர்கானிக் ஆகிவிட முடியாது. நெல், காய்கறி போன்ற பயிர்களுக்கு விதைப்பதற்கு முன்பு குறைந்தது 2 வருடம், தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன்பு 3 வருடம் ரசாயனம் இல்லாமல் நிலத்தைப் பராமரித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. இதை மாறுதல் காலம் என்கிறார்கள். ஏற்கெனவே பல வருடங்களாக ரசாயனம் படாத நிலம் என்று ஆதாரத்துடன் நிரூபித்தால் இந்தக் காலத்தைக் குறைக்க வழி உண்டு.

விவசாயி உடைந்துபோவது இந்த இடத்தில்தான். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒருவர் ஏக்கருக்கு 30 மூட்டை எடுத்துக்கொண்டிருந்தார், ரசாயனத்தை நிறுத்தியதும் அது 22 மூட்டையாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வருமானமே வர வேண்டும் என்றால் மூட்டைக்குச் சுமார் 36 சதவீதம் அதிக விலை கிடைக்க வேண்டும். உரச் செலவு மிச்சம்தான். ஆனால் களைக்கொல்லி இல்லாததால் களையெடுக்க ஆள் கூலி ஏறிவிடும். இத்தனைக்கும் மாறுதல் காலத்தில் 'ஆர்கானிக்' என்று சொல்லி விற்க முடியாது. விளைச்சல் ஆர்கானிக் விளைச்சல், விலை சாதாரண விலை.

மத்திய அரசின் பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனா திட்டத்தில் 3 வருடத்துக்கு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய் ஒதுக்குகிறார்கள். அதில் 15,000 ரூபாய் நேரடியாக விவசாயியின் கணக்குக்கு வருகிறது. ஒரு ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். அதாவது ஏக்கருக்கு, வருடத்துக்குச் சுமார் 2,000 ரூபாய். மேலே சொன்ன 8 மூட்டை இழப்புடன் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் தாங்கும் என்று புரியும்.

மாறுவதற்கு நேரம் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை உதாரணம். 2021-ல் அங்கே ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. அதே வருடம் நவம்பரில் அரசு பின்வாங்கியது.

சான்று இருந்தும் விலை வராதது ஏன்?

சரி, மூன்று வருடம் தாக்குப்பிடித்துச் சான்றும் வாங்கியாச்சு. இனி கூடுதல் விலை கிடைக்குமா? நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே சன்னரகம், பொதுரகம் என்றுதான் விலை பிரியும். சான்று வாங்கிய நெல்லும் மற்ற நெல்லும் ஒரே குவியலில் சேர்ந்துவிடும்.

தனியாக விற்கலாம் என்றால் இன்னொரு சிக்கல். என்.பி.ஓ.பி. முறையில் சான்று ஒரு சங்கிலி மாதிரி. விவசாயி, வாங்கும் வியாபாரி, அரைக்கும் ஆலை, பாக்கெட் போடும் நிறுவனம் என ஒவ்வொரு கண்ணியும் சான்று பெற்றிருக்க வேண்டும். கைமாறும்போது இத்தனை கிலோ இவரிடமிருந்து இவருக்குப் போனது என்று பரிவர்த்தனைச் சான்றும் எடுக்க வேண்டும். அபேடாவின் டிரேஸ்நெட் என்ற இணைய அமைப்பில் இவை பதிவாகும். நடுவில் ஊர் ரைஸ் மில்லில் சாதாரண நெல்லோடு சேர்த்து அரைத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். அதற்குப் பிறகு அந்த அரிசியில் ஆர்கானிக் முத்திரை போட முடியாது.

பி.ஜி.எஸ். முறையிலும் சரக்கு குழுவின் கையை விட்டுப் போனதும் உத்தரவாதம் தளர்ந்துவிடும். அதனால்தான் குழுவே சுத்தம் செய்து, பாக்கெட் போட்டு, நேரடியாக விற்கும் இடங்களில் மட்டும் அது நன்றாக ஓடுகிறது. வயலில் செய்யும் மாற்றத்தைவிட அறுவடைக்குப் பிறகான ஏற்பாடுதான் கூடுதல் விலையைத் தீர்மானிக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று சொந்தமாகச் சின்ன ஆலையும் பாக்கெட் போடும் வசதியும் வைத்திருந்தால், அதில் சேர்ந்த விவசாயியின் கதையே வேறு.

சான்று இருந்தால் மோசடி நடக்காதா?

நடந்திருக்கிறது. அதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். 2021 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை, இந்தியாவின் என்.பி.ஓ.பி. முறைக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அதே வருடக் கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம், இந்தியாவில் இயங்கும் 5 சான்றளிப்பு அமைப்புகளைத் தன் பட்டியலில் இருந்து நீக்கியது. ஆர்கானிக் என்று அனுப்பிய எள் போன்ற சரக்கில் எத்திலீன் ஆக்சைடு என்ற ரசாயனம் இருந்ததுதான் பின்னணி.

பலவீனமான இடம் எது என்பதும் தெரிந்ததுதான். ஆய்வு செய்பவருக்குக் கட்டணம் கொடுப்பது, ஆய்வுக்கு உட்படுபவர்தான். பெரிய குழுக்களில் எல்லா வயலையும் வெளியாள் பார்ப்பதில்லை. இந்த ஓட்டைகளை அடைக்க 2025 ஜனவரியில் என்.பி.ஓ.பி. விதிகளைத் திருத்தி, விவசாயக் குழுக்கள் சட்டபூர்வமாகப் பதிவு செய்த அமைப்பாக இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள்.

மோசடி வெளியே வரும்போது நஷ்டம் யாருக்கு? தப்பு செய்த வியாபாரி வேறு பெயரில் கடை திறப்பார். நேர்மையாக நோட்டு எழுதிய விவசாயியின் சரக்குதான் துறைமுகத்தில் நிற்கும்.

பாக்கெட்டில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தியாவில் விற்கும் ஆர்கானிக் உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2017-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. 2018 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பாக்கெட்டைக் கையில் எடுத்தால் இவற்றைத் தேடுங்கள்:

1. ஜைவிக் பாரத் முத்திரை. உள்நாட்டில் விற்கும் ஆர்கானிக் உணவுக்கான பொது அடையாளம் இது.

2. எந்தப் பாதைச் சான்று? 'இந்தியா ஆர்கானிக்' முத்திரை இருந்தால் என்.பி.ஓ.பி. 'பி.ஜி.எஸ். இந்தியா ஆர்கானிக்' என்றிருந்தால் பங்கேற்பு முறை. 'பி.ஜி.எஸ். இந்தியா கிரீன்' என்றால் நிலம் இன்னும் மாறுதல் காலத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முழு ஆர்கானிக் இல்லை. அதற்காக ஒதுக்க வேண்டாம். விவசாயிக்குக் கைகொடுக்க வேண்டிய காலமே அதுதான்.

3. சான்று விவரம். சான்று கொடுத்தது யார் என்ற பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். ஜைவிக் பாரத் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

4. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண். இது உணவு வணிகத்துக்கான உரிமம் மட்டுமே. இதைக் காட்டி 'கவர்மென்ட் அப்ரூவ்டு ஆர்கானிக்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

5. பிராண்டின் பெயர். பெயரிலேயே 'ஆர்கானிக்' இருக்கும், முத்திரை எதுவும் இருக்காது. பச்சை நிறம், இலைப் படம், ஓலைப் பெட்டி எதுவும் சான்று ஆகாது.

ஆப்பில் வாங்கும்போது பின்பக்க லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் படமே போடவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். போலி என்று தோன்றினால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் செய்யலாம்.

சான்று இல்லாதவரிடம் வாங்கலாமா?

தாராளமாக. சிறு உற்பத்தியாளரோ அவர்களின் அமைப்போ வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்றால் சான்று கட்டாயம் இல்லை என்று அந்த 2017 விதிமுறையே விலக்கு தருகிறது. ஆனால் சான்று இல்லாமல் முத்திரை போட முடியாது. அதுபோல, பத்துப் பேரிடம் வாங்கி விற்கும் கடைக்காரருக்கு இந்த விலக்கு பொருந்தாது.

ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தையில் விவசாயியைப் பார்த்தால் பேச்சுக் கொடுங்கள். 'அண்ணா, எந்த ஊர்? எவ்வளவு நிலம்? இந்தக் கத்தரிக்காயில் புழு வந்தா என்ன பண்ணுவீங்க? ஒரு நாள் வந்து பார்க்கலாமா?' விளைவித்தவர் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்வார். போன வாரம் எதனால் பயிர் போச்சு என்பதையும் சேர்த்தே சொல்வார். வருடம் முழுக்க எல்லாக் காய்கறியும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் வைத்திருப்பவர் மொத்த மார்க்கெட்டில் வாங்கி விற்பவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, உடம்புக்கு நல்லதா?

2012-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆர்கானிக் உணவில் சத்து அதிகம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கும் வாய்ப்பு குறைவு என்றது அந்தத் தொகுப்பு. ஆகவே 'இதைச் சாப்பிட்டால் சர்க்கரை குறையும், புற்றுநோய் வராது' என்று சொல்லும் விளம்பரங்களை ஒதுக்கிவிடலாம். பட்ஜெட் இடிக்கிறது என்பதற்காகக் காய்கறியையே குறைப்பது அதைவிடப் பெரிய தப்பு. சாதாரணக் காய்கறியை நன்றாகக் கழுவிச் சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

மருந்தின் பாதிப்பு முதலில் போய்ச் சேர்வது நம் தட்டுக்கு அல்ல, தெளிப்பவரின் மூச்சுக்கு. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆர்கானிக்குக்கு நாம் தரும் கூடுதல் காசில் அவர்களுடைய பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றத் தேவையில்லை. மாதம் முழுக்கச் செலவாகும் அரிசி, எண்ணெய், பருப்பு இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். முத்திரையைச் சரிபார்த்தோ, விளைவித்தவரை நேரில் தெரிந்துகொண்டோ வாங்குங்கள். பிடித்திருந்தால் அடுத்த மாதமும் அவரிடமே வாங்குங்கள். சான்று வாங்கிய விவசாயி திரும்ப யூரியா மூட்டைக்குப் போகாமல் இருக்க அவருக்குத் தேவைப்படுவது, மாதா மாதம் வரும் அந்த ஆர்டர்தான்.